சிவப்புப் புதரும் ஒன்றரை வீதமும்

கொழும்பின் பெரிய சுப்பர் மார்க்கட்டுகளில் தேயிலை அடுக்கியிருக்கும் தட்டில் இப்போது ‘ரூய்போஸ்’ என்று எழுதிய பெட்டிகளையும் காணலாம். எமது நாட்டுத் தேயிலைக் கம்பனிகள் சிலவே தென்னாபிரிக்காவிலிருந்து இதனை வரவழைத்து, பொதி செய்து, தமது பெயரில் விற்கின்றன. தேயிலைக்குப் பேர்போன ஒரு நாட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு பற்றைச் செடி அதே தட்டில் இடம் பிடித்திருக்கிறது என்றால், அதன் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது வியாபாரிகளாகிய எமக்கு நல்லது.

இதன் மருத்துவக் குணங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது வேறு. இந்த மூலிகையைப் பற்றிய அறிவு யாருடையது, அதன் பெயரை யார் கைப்பற்றப் பார்த்தார்கள், அறிவுக்குரியவர்களின் ஹக் அவர்களுக்குக் கிடைத்ததா என்பதே எனது கேள்வி. இதில் மூலிகை, வாசனைத் திரவியம், கறுவா, மிளகு என்று தொழில் செய்யும் எமது சகோதரர்களுக்கு நேரடியான பாடம் இருக்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரூய்போஸ் என்பது ஆபிரிக்கான்ஸ் மொழிச் சொல். சிவப்புப் புதர் என்று பொருள். தேயிலைச் செடிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அவரை, பயறு குடும்பத்தைச் சேர்ந்த, ஊசி போன்ற இலையுள்ள ஒரு சிறு செடி இது. கேப்டவுன் நகருக்கு வடக்கே இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் உள்ள சீடர்பேர்க் மலைகளும், கிளான்வில்லியம் ஊரும், அதனைச் சூழ்ந்த பிரதேசங்களும்தான் இதன் சொந்த இடம். மண் வெறும் மணல், அமிலத்தன்மையானது, சத்துக் குறைந்தது. மழையும் மாரியில் மட்டும்தான். எமது விவசாயி ஒருவர் அந்த நிலத்தைப் பார்த்தால், இதில் என்ன விளையப் போகிறது என்று வந்த வழியே திரும்பிவிடுவார். ஆனால் இச்செடி தனது ஆணிவேரை இரண்டு மீற்றருக்கு மேல் இறக்கி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. பயறு இனத்துக்கே உரிய வேர் முடிச்சுகளால் காற்றிலிருந்து நைதரசனையும் எடுத்துக்கொள்கிறது. வேறு நாடுகளிலும் இதனைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். வியாபார அளவில் எங்கும் கைகூடவில்லை.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைத்து, நாற்றை ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பிடுங்கி நடுவார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் முதலாவது அறுவடை. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, அங்குள்ள கோடையில் அரிவாளால் வெட்டுவார்கள். ஐந்தாறு வருடத்தில் செடி ஓய்ந்துவிடும். பிறகு நிலத்தை ஆறவிட்டு, ஓட்ஸ் போன்ற தானியத்தை விதைத்துத்தான் மறுபடியும் ரூய்போஸுக்குத் திரும்ப வேண்டும். வெட்டிய கிளைகளை இலையும் தண்டுமாகச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, உருளையில் நசுக்கி, தண்ணீர் தெளித்து, திறந்த களத்தில் குவித்து வைப்பார்கள். ஓர் இரவுக்குள் பச்சை நிறம் போய் செம்மண் நிறம் வரும். தேன் போன்ற ஒரு வாசனையும் எழும். இந்த வாசனை வருகிற நேரத்தைப் பிடிப்பதில்தான் களத்துக்காரரின் கைவண்ணம் இருக்கிறது. பிறகு மெல்லிய படையாகப் பரப்பி வெயிலில் உலர்த்தி, தொழிற்சாலையில் நீராவியால் கிருமி நீக்கி, தரம் பிரித்து ஏற்றுமதி செய்வார்கள். எமது மலைநாட்டுத் தேயிலை காணும் கொழுந்து வாட்டுதல், அரைத்தல், நொதிக்க வைத்தல் போன்ற வேலைகளின் எளிமையான தம்பி என்று இதனைச் சொல்லலாம்.

இந்த நறுக்குதலும் நசுக்குதலும் குவித்தலும் யாருடைய கண்டுபிடிப்பு? அந்த மலைகளில் காலங்காலமாக வாழ்ந்த கோய், சான் மக்களுடையது. காட்டிலிருந்து கிளைகளை வெட்டி வந்து, கோடரியால் கொத்தி, மரச் சுத்தியலால் அடித்து, குவியலாகப் புளிக்க வைத்துக் காய விட்டவர்கள் அவர்கள். பின்னாளில் கோடரியின் இடத்துக்கு வெட்டும் இயந்திரமும், சுத்தியலின் இடத்துக்கு உருளையும் வந்தன. தொழில் முறை மாறவில்லை.

1904ஆம் ஆண்டில் பென்ஜமின் கின்ஸ்பேர்க் என்ற யூத வியாபாரி இதனை மலைவாசிகளிடம் வாங்கி விற்கத் தொடங்கினார். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர். அவரது குடும்பத்துக்குத் தேயிலை வியாபாரம் பழக்கமானது. ஆகவே ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்தார். சரக்கு இருந்தது, வாங்குவோரும் இருந்தனர், ஆனால் காட்டிலிருந்து வரும் அளவு போதவில்லை. பயிரிட வேண்டுமென்றால் விதை வேண்டும். அங்கேதான் சிக்கல். ரூய்போஸின் ஒரு காய்க்குள் ஒரேயொரு சின்னஞ்சிறு விதை. காய் முற்றியதும் வெடித்து, விதை மணலுக்குள் தெறித்துவிடும். கிடைத்த விதையும் எளிதில் முளைக்காது.

1930ஆம் ஆண்டளவில் கின்ஸ்பேர்க்கின் தூண்டுதலால் கிளான்வில்லியம் ஊர் வைத்தியரான டொக்டர் பீட்டர் லெ ஃப்ராஸ் நோர்ட்டியர் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். விதையின் தோலை ஆலைக்கல்லில் தேய்த்தால் முளைக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். விதை சேகரித்துக் கொண்டுவருவோருக்குக் காசு கொடுத்தார். அதிலே ஒரு முதிய கோய் பெண்மணி மட்டும் மற்றவர்களை விட அதிகமாகக் கொண்டுவந்து கொட்டினாராம். எறும்புகள் விதையை இழுத்துச் செல்வதைப் பார்த்து, பின்தொடர்ந்து போய், புற்றை உடைத்தபோது உள்ளே ஒரு களஞ்சியமே இருந்ததாம். இன்று கோடிக்கணக்கான பணம் புரளும் ஒரு தொழிலின் விதைச் சரக்கு இவ்வாறு எறும்புப் புற்றிலிருந்து வந்தது என்று அங்கே சொல்கிறார்கள்.

கின்ஸ்பேர்க்கின் பெயர் தெரியும். டொக்டர் நோர்ட்டியரின் பெயர் தெரியும். இருவரும் தமது உழைப்பாலும் மூளையாலும் அந்தத் தொழிலை உண்டாக்கியவர்கள்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூதாட்டியின் பெயர் எங்கும் பரவலாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு கடையின் பேரேட்டில் முதல் போட்ட இருவரின் பெயரையும் எழுதி, சரக்கு தந்தவரின் பெயரை எழுதாமல் விட்டால் அது எப்படிப்பட்ட கணக்கு?

1948இல் கிளான்வில்லியம் விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1954இல் அரசாங்கம் ரூய்போஸ் கட்டுப்பாட்டுச் சபையை உருவாக்கி, கொள்வனவையும் விலையையும் அதன் கையில் கொடுத்தது. அது நிறவெறி ஆட்சி நடந்த காலம். நல்ல நிலமும் வங்கிக் கடனும் சபையின் ஆசனங்களும் யாருக்குக் கிடைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கோய், சான் பரம்பரையில் வந்தவர்கள் பெரும்பாலும் தோட்டக் கூலிகளாகவோ, வுப்பர்தால் போன்ற மிஷன் கிராமங்களில் சிறு துண்டு நிலத்தில் பயிரிடுவோராகவோதான் இருந்தார்கள். 1993இல் சபை கலைக்கப்பட்டு தனியார் நிறுவனமாயிற்று. இன்றும் ரூய்போஸ் விளையும் நிலத்தின் பெரும்பகுதி வெள்ளையரிடமே இருக்கிறது.

பாவனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றுவலி, குழந்தைகளின் வயிற்றுப் பொருமல், ஒவ்வாமை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு அங்குள்ளவர்கள் இதனைக் கொடுத்து வந்தார்கள். 1968இல் அனிக் தெரோன் என்ற தாய், அழுகையை நிறுத்தாத தனது குழந்தைக்குப் பால் போத்தலில் ரூய்போஸைக் கலந்து கொடுத்ததும் குழந்தை அமைதியானதாகக் கூறி, அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதன் பிறகே தென்னாபிரிக்காவில் இதற்குப் பெரும் மவுசு உண்டானது. அந்த அம்மையார் அழகுசாதனக் கம்பனி ஒன்றையும் நிறுவி விட்டார்! இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, இதிலே கஃபேன் இல்லை, தேயிலையை விட துவர்ப்புப் பொருளான டனின் குறைவு என்பதுதான். இரவில் தேநீர் குடித்தால் தூக்கம் வராதவர்களுக்கு இதுவே பெரிய விடயம். மற்றபடி நீரிழிவைப் போக்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் சில விற்பனையாளர்கள் சொல்வதற்கு மனிதர்களில் செய்த ஆய்வுகளின் வலுவான ஆதாரம் இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூலிகை வியாபாரத்தில் எமது நாக்குதான் முதலில் சறுக்குகிறது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாமெல்லோரும் குத்பாக்களில் கேட்டதுதான். இல்லாத குணத்தைச் சொல்லி விற்பதும் உள்ளே ஈரத்தை வைத்து மேலே காய்ந்ததைப் பரப்புவதைப் போன்றதே.

இனிப் பெயரின் கதைக்கு வருவோம். 1994இல் ஒரு கம்பனி அமெரிக்காவில் ‘ரூய்போஸ்’ என்ற சொல்லையே தனது வர்த்தகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. பின்னர் அது அமெரிக்காவிலுள்ள ஒருவரின் நிறுவனத்துக்குக் கைமாறியது. விளைவு என்ன? தென்னாபிரிக்காவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு செடியின் பெயரை, தென்னாபிரிக்க விவசாயி தனது பெட்டியில் அச்சிட்டு அமெரிக்காவில் விற்பதற்கு வேறொருவரின் அனுமதி தேவை என்றாயிற்று. நீண்ட வழக்குகளின் பின்னர் 2005இல்தான் அந்தப் பதிவு கைவிடப்பட்டது. பதிவு செய்ய ஆன செலவையும் அதை நீக்க ஆன செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தால், சோம்பலுக்கு எவ்வளவு வட்டி என்பது விளங்கும்.

அடி வாங்கிய பிறகு அவர்கள் விழித்துக்கொண்டார்கள். முதலில் தமது நாட்டுச் சட்டத்தின் கீழ் பெயருக்குப் பாதுகாப்புப் பெற்றார்கள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘ரூய்போஸ்’ என்பதைப் பிரதேசத்துக்குரிய பாதுகாக்கப்பட்ட பெயராகப் பதிவு செய்தது. ஆபிரிக்கக் கண்டத்தின் உணவுப் பொருள் ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் தடவை. இப்போது ஐரோப்பாவில் குறித்த பிரதேசத்தில், குறித்த முறைப்படி விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். ஜேர்மனி, நெதர்லாந்து, பிரித்தானியா, ஜப்பான் ஆகியவை இதன் பெரிய கொள்வனவாளர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி தெரியும்.

பெயர் காப்பாற்றப்பட்டது. அறிவுக்குரியவர்களின் ஹக் என்னவாயிற்று?

இந்த இடத்தில் ஹூடியா என்ற இன்னொரு தென்னாபிரிக்கச் செடியைச் சொல்லாமல் விட முடியாது. கள்ளி போலத் தோன்றும் பாலைவனச் செடி. வேட்டைக்கு நீண்ட தூரம் போகும் சான் மக்கள் பசியை அடக்க இதன் தண்டை மெல்லுவார்கள். தென்னாபிரிக்காவின் அரச விஞ்ஞான ஆய்வு நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் இதிலுள்ள பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை எடுத்தது. 1997இல் ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு உரிமம் கொடுத்தது. அடுத்த வருடமே மருந்து உலகின் ஜாம்பவானான ஃபைசர் வந்து சேர்ந்தது. உடல் மெலியும் மருந்து என்றால் மேற்குலகில் பணம் கொட்டும் அல்லவா? சான் மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2001இல் விடயம் பத்திரிகையில் வந்தபோது, அந்த மக்கள் அழிந்து போய்விட்டார்கள் என்றே தான் எண்ணியதாக பிரித்தானியக் கம்பனியின் தலைவர் சொன்னதாகச் செய்தி வெளியானது. அப்போது தென்னாபிரிக்காவிலும் அயல் நாடுகளிலும் சான் மக்கள் இலட்சத்தை எட்டும் எண்ணிக்கையில் உயிரோடு இருந்தார்கள்!

கூச்சலுக்குப் பிறகு 2003 மார்ச்சில் ஒப்பந்தம் வந்தது. ஆய்வு நிறுவனத்துக்குக் கிடைக்கும் கட்டக் கொடுப்பனவுகளில் 8 வீதமும், பின்னர் வரும் உரிமைத் தொகையில் 6 வீதமும் சான் மக்களுக்கு. காகிதத்தில் பார்க்க நல்ல விகிதம். ஆனால் அதே 2003இல் ஃபைசர் விலகிக்கொண்டது. அதன் பின் வந்த யூனிலீவரும், பாதுகாப்பிலும் பலனிலும் திருப்தியில்லை என்று 2008இல் கைகழுவியது. கடைக்கு வராத மருந்துக்கு உரிமைத் தொகை எங்கிருந்து வரும்? வராத இலாபத்தில் 6 வீதம் என்பது பூச்சியம்தான். இதற்கிடையில் ஹூடியா என்று எழுதிய குளிசைகள் இணையத்தில் பெருகின. அவற்றில் பலவற்றில் ஹூடியாவே இருக்கவில்லை. காட்டுச் செடியோ கண்மூடித்தனமாக வெட்டப்பட்டு, 2004இல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலை வந்தது. செடியும் போய், பெயரும் கெட்டு, பணமும் வராமல் போனதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சான் மக்களின் பிரதிநிதிகள் இந்த அனுபவத்தை மறக்கவில்லை. 2010இல் அவர்கள் ரூய்போஸ் தொடர்பாகத் தமது உரிமையை எழுப்பினார்கள். கோய் மக்களும் இணைந்துகொண்டார்கள். தொழில்துறையினர் இலகுவில் இணங்கவில்லை. அவர்களுடைய வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நூறு வருடமாக விதை தேடி, நிலம் பண்படுத்தி, சந்தை பிடித்து, விளம்பரம் செய்தது நாங்கள். காட்டில் கிடந்த செடியை உலகச் சரக்காக்கியதும் நாங்கள். எப்போதோ யாரோ குடித்தார்கள் என்பதற்காக இன்று நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்றார்கள். எமது கடைத்தெருவிலும் இதே குரல்தான் எழும். அரசாங்கம் செய்வித்த ஆய்வு 2014இல், அம்மக்களின் கோரிக்கையை மறுப்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று முடிவு சொன்னது. பிறகும் ஐந்து வருடப் பேச்சுவார்த்தை. 2019 நவம்பரில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

அதன் வடிவத்தைத்தான் எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். விவசாயியிடம் இலையைக் கொள்வனவு செய்யும் பதனிடும் நிறுவனங்கள், கொடுத்த கொள்வனவு விலையின் மீது 1.5 வீதத்தை வருடந்தோறும் செலுத்த வேண்டும். விவசாயியின் பங்கில் கழிக்கப்படுவதில்லை. நாளை வரப்போகும் இலாபத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. இன்று வாங்கிய சரக்குக்கு இன்றே ஒரு பங்கு. ஹூடியா ஒப்பந்தத்தின் 6 வீதத்தையும் இதன் 1.5 வீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய எண்ணிக்கை வெறுங்கையோடு நின்றது. சின்ன எண்ணிக்கையின் கீழ் 2022இல் முதல் தொகையாக 12.2 மில்லியன் ராண்ட், சான், கோய் மக்களின் இரு சபைகளுக்கும் கையளிக்கப்பட்டது. கூட்டு வியாபாரத்தில் இலாப விகிதத்தைப் பேசித் தீர்க்கும் எவரும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நூறு ரூபா கொள்வனவுக்கு ஒரு ரூபா ஐம்பது சதம். எமது தரகர்மாருக்கு நாம் முணுமுணுக்காமல் கொடுக்கும் கமிஷன் பல வேளைகளில் இதைவிட அதிகம். தரகர் ஒரு தொலைபேசி அழைப்பால் சரக்கைக் காட்டித் தந்தார் என்பதற்காகக் கொடுக்கிறோம். அந்த மக்களோ இது சரக்கு என்பதையே காட்டித் தந்தவர்கள். அதனால்தான் தொழில்துறையினரின் வாதம் எனக்குப் பாதி நியாயமாகவே படுகிறது. உழைத்தவர்கள் 98.5ஐ வைத்துக்கொள்கிறார்கள்தானே!

கொடுத்ததால் அவர்கள் நட்டப்பட்டதாகவும் இல்லை. இன்று ஐரோப்பியக் கொள்வனவாளர்கள், இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்கும் காலம். பாதுகாக்கப்பட்ட பெயரும் உரியவர்களோடு செய்த உடன்பாடும் கையில் இருக்கும்போது, அந்தக் கேள்வியே அவர்களுக்கு விற்பனைப் பேச்சாக மாறிவிடுகிறது. பிரதேசத்தின் தென் பொக்கவெல்ட் பகுதியில் சிறு விவசாயிகள் 2001இல் தொடங்கிய ஹெய்வெல்ட் கூட்டுறவுச் சங்கம், இடைத்தரகரைத் தவிர்த்து, இரசாயனம் கலக்காத ரூய்போஸை நியாய வர்த்தக முத்திரையோடு நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. பெரிய தோட்டங்களோடு அளவில் போட்டியிட முடியாதவர்கள் வரலாற்றையே தமது முதலாக்கிக் கொண்டார்கள்.

எல்லாம் சுபமாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. ஒன்றரை வீதம் ஒரு சமூகத்தின் நிலமின்மையை மாற்றாது. சபைகளுக்குப் போன பணம் மலைக் கிராமத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது வேறு கேள்வி. வுப்பர்தால் கிராமம் 2018 டிசம்பர் இறுதியில் ஏற்பட்ட தீயில் வீடு வாசல்களை இழந்தது. மழை பொய்க்கும் வருடங்களில் பயிர்ச்செடி வாடிவிடும், காட்டு ரூய்போஸ் மட்டும் தாக்குப் பிடிக்கும். ஆகவே காட்டுச் செடியின் குணம் அறிந்த அந்த மக்களின் அனுபவம் இனிமேல்தான் அதிகம் தேவைப்படப் போகிறது.

இனி எமது பக்கம். கேப் பிரதேசமும் எமது கரையோரமும் ஒரு காலத்தில் ஒரே எசமானின் கையில் இருந்தவை. 1652இல் கேப்பில் இறங்கிய ஒல்லாந்தக் கம்பனிதான் 1656இல் கொழும்பையும் பிடித்தது. மக்காசரைச் சேர்ந்த ஷெய்க் யூசுப் அவர்களை 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தி, இங்கிருந்தும் அவரது செல்வாக்கு பரவுகிறது என்று பயந்து 1694இல் கேப்புக்கு அனுப்பியது அதே கம்பனி. அவர் 1699இல் அங்கேயே வபாத்தானார். தென்னாபிரிக்க முஸ்லிம்கள் இன்றும் அவரது பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். அந்தக் கம்பனி எமது தீவை விடாமல் பிடித்திருந்ததற்கான காரணம் கறுவா. அதுவும் ரூய்போஸைப் போலவே நீண்ட காலம் காட்டிலிருந்து வெட்டி வந்த சரக்குதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆளுநர் ஃபால்க் காலத்தில்தான் மருதானைப் பக்கத்தில் தோட்டமாகப் பயிரிட்டார்கள். பட்டை உரிக்கும் வித்தை மட்டும் உரிப்பவர்களின் கையிலேயே இருந்தது. இன்றும் அப்படித்தான்.

‘சிலோன் கறுவா’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு 2022 பெப்ரவரியில் கிடைத்தது. ரூய்போஸுக்குக் கிடைத்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. எமது நாட்டுப் பொருளொன்றுக்கு அவ்வாறான பதிவு அதுவே முதலாவது. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகியவற்றின் காசியாப் பட்டை உலகச் சந்தையில் கறுவா என்ற பொதுப் பெயரில் மலிவாக விற்கப்படும்போது, எமது சரக்கைப் பிரித்துக் காட்ட இது பெரிய ஆயுதம். ஆனால் முத்திரையால் வரும் மேலதிக விலையில் உரிப்பவருக்கு என்ன பங்கு என்று எங்கும் எழுதப்பட்டதாக நான் காணவில்லை. உரிப்பதற்கு ஆளில்லை, இளைஞர்கள் வருகிறார்களில்லை என்று ஏற்றுமதியாளர்கள் வருடாவருடம் குறைப்படுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்க ஒரு பட்டதாரி தேவையில்லை.

மூலிகையில் எமது நிலை இன்னும் மோசம். நீரிழிவுக்குக் காலங்காலமாகப் பாவித்த கொத்தல ஹிம்புட்டுவை அடிப்படையாகக் கொண்டு வெளிநாட்டில் காப்புரிமை எடுக்கப்பட்டபோது நாமும் பத்திரிகையில் வாசித்து ஆச்சரியப்பட்டோம். அத்தோடு சரி. புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கையில் போய், இந்தச் சாக்கிலுள்ள வேர் எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தது, யார் பிடுங்கியது என்று கேட்டால், பெரும்பாலும் முந்திய வியாபாரியின் பெயர் மட்டுமே பதிலாக வரும். வேர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஒருவரால் அந்தப் பெயருக்கு உரிமை கோரவும் முடியாது. வெளிநாட்டான் தரச் சான்று கேட்டால் காட்டவும் முடியாது.

சட்டம் வரட்டும், அமைச்சு நடவடிக்கை எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எமது மூலிகை மொத்த வியாபாரிகள் சங்கமாகக் கூடி இரண்டு காரியங்களைத் தொடங்கலாம். ஒன்று, உள்நாட்டில் சேகரித்த ஒவ்வொரு சாக்குக்கும் பிரதேசம், பறித்த மாதம், சேகரித்தவரின் பெயர் ஆகியவற்றை எழுதிய அட்டை. மற்றது, ஏற்றுமதிக்குப் போகும் மூலிகையின் கொள்வனவு விலையில் ஒரு சிறு வீதத்தை அந்தச் சேகரிப்பாளர் கிராமங்களுக்கென்று தனிக் கணக்கில் வைப்பது. வீதத்தை அவர்களோடு உட்கார்ந்து பேசியே தீர்மானிக்க வேண்டும். இது ஸகாத்தும் அல்ல, ஸதகாவும் அல்ல, அந்தக் கணக்குகளோடு கலக்கவும் கூடாது. கொள்வனவுச் செலவு என்ற தலைப்பின் கீழேதான் வர வேண்டும். இரண்டாவது காரியத்துக்குச் சிலர் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். முதலாவதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம். அதற்கு ஆகும் செலவு சாக்கொன்றுக்கு ஓர் அட்டையும் கொஞ்சம் பேனா மையும்தான்.